ஓதம் ஏறிய சுவர்

மாரி தொடங்கிவிட்டால் திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த பழைய வீடுகளில் சுவரின் அடிப்பகுதி கறுக்கும்; பெட்டியில் மடித்துவைத்த துணி, நீர் படாமலே குளிர்ந்து கிடக்கும். இந்நிலையை ஆங்கிலத்தில் 'டாம்ப்' என்னும் பெயரடையாற் கூறுவர். 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்த ஊருக்கு ஆங்கிலம் புதிதன்று. எனினும் மாணவர்க்கு இச்சொல்லை விளக்கப் புகுவோர் 'ஈரமான' என்று எழுதிவிட்டு அப்பாற் செல்கின்றனர். அது போதாது.

மழையில் நனைந்த சட்டை 'வெட்'. பதமாக வெந்த கேக் 'மாய்ஸ்ட்'. அங்கே ஈரம் விரும்பத்தக்கது. 'டாம்ப்' என்பதோ வேண்டாத இடத்தில் மெல்லப் புகுந்து தங்கிவிட்ட ஈரம். அதன் பழம்பொருள் ஆவி. நிலக்கரிச் சுரங்கத்தில் எழும் கேடுதரும் வாயுக்களுக்கும் அப்பெயர் உண்டு. ஒருவருடைய ஊக்கத்தைக் குன்றச் செய்வதையும் அச்சொல்லாலேயே குறிப்பர். நம் ஈரமோ, 'இனியவை கூறல்' அதிகாரத்தில் வள்ளுவர் அன்பென்னும் பொருளில் ஆண்ட சொல். ஈர நெஞ்சினரை 'டாம்ப்' என்று மொழிபெயர்த்தால் அவர் பாடு என்னாவது!

தமிழில் நேர்ச்சொல் இல்லாமலும் இல்லை. சுவரில் ஏறும் ஈரத்துக்கு 'ஓதம்' என்று பெயர். கடலுக்கும் அலைக்கும் அதுவே பெயர். 7ஆம் நூற்றாண்டில் கோணமாமலையைப் பாடிய சம்பந்தர், முத்துக்களைக் கரையில் ஒதுக்கும் கடலலையை இச்சொல்லாலேயே குறித்தார். கடலும் சுவரும் அண்டையில் நிற்கும் இவ்வூரார்க்கு இப்பொருள் உறவை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஓதம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சுவர் ஓதமேறியது; துணி ஈரம் புலராதது; பற்றாத தீக்குச்சியைத் தமிழகத்தார் 'நமுத்தது' என்பர். ஆங்கிலத்தின் ஒரு சொல்லுக்கு இங்கே மூன்று வேண்டும்.