கம்ப்யூட்டர் வேகத்தைக் கூட்டப் போறீங்களா? காயல்பட்டினம் வெயிலையும் கணக்கில் சேர்த்துக்கோங்க!

சித்திரை வெயிலில் காயல்பட்டினம், ஆறுமுகநேரி, திருச்செந்தூர் பக்கமெல்லாம் மனிதர்களே வியர்த்துக் கொட்டுகிறோம். வீட்டில் கேம் விளையாடவும் வீடியோ எடிட் செய்யவும் வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கும் அதே வெயில்தான். இதில் `ஓவர்கிளாக்' வேறு செய்தால் என்ன ஆகும்?

புராசஸருக்கு கம்பெனி நிர்ணயித்த வேகத்தைவிட அதிக வேகத்தில் அதை ஓட்டுவதுதான் ஓவர்கிளாக்கிங். 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ சிப்பை, 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிப் பயன்படுத்தியவர்கள் ஏராளம். காசு செலவில்லாமல் பாதிக்குப் பாதி கூடுதல் வேகம்! இன்றைய சிப்கள் அப்படியில்லை. முடிந்த வேகத்தையெல்லாம் கம்பெனியே பிழிந்து எடுத்துவிட்டுத்தான் விற்கிறது. மிச்சம் கிடைப்பது கொஞ்சம்தான். அதற்குக் கொடுக்கும் விலைதான் அதிகம்.

5% வேகம், 27% சூடு

வேகம் கூடினால் சிப் தடுமாறாமல் இருக்க வோல்டேஜையும் கூட்ட வேண்டும். அங்கேதான் சிக்கல். வேகம் கூடும் அளவுக்கே சூடும் கூடும். ஆனால், வோல்டேஜ் கூடினால் அதன் இருமடிப் பெருக்கத்தில் சூடு ஏறும். வேகத்தை 5 சதவிகிதமும் வோல்டேஜை 10 சதவிகிதமும் ஏற்றினால், சூடு சுமார் 27 சதவிகிதம் எகிறும்.

இங்கே சொல்லும் வோல்டேஜ், சுவர் பிளக்கில் வரும் 230 வோல்ட் அல்ல. அது எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு இரண்டையும் தாண்டி சிப்பை அடையும்போது 1 வோல்ட்டை ஒட்டித்தான் இருக்கும். எனவே, வீட்டில் ஸ்டெபிலைசர் இருக்கிறது என்று தைரியமாக இதை ஏற்ற முடியாது.

இன்டெல் கற்ற பாடம்

இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை ஐ9 சிப்கள் பலருக்கும் கேம் நடுவே செயலிழந்தன. இத்தனைக்கும் ஓவர்கிளாக் செய்யாதவர்களுக்கும் இதே நிலை. சிப் தேவைக்கு அதிகமான வோல்டேஜைக் கேட்டு வாங்கியதே முக்கியக் காரணம் என்று 2024-ல் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட்டில் வந்த அப்டேட், வோல்டேஜ் 1.55-ஐத் தாண்டாமல் தடுத்தது. வாரன்ட்டியும் 2 ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. ஆனால், ஏற்கெனவே பழுதான சிப்பை அந்த அப்டேட்டால் சரிசெய்ய முடியவில்லை.

சூடு எல்லை மீறினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துத் தப்பித்துக்கொள்ளும். வோல்டேஜ் செய்யும் சேதமோ மெள்ள மெள்ள நடப்பது, மீட்டரிலும் தெரியாது.

கடலோர வீடுகளுக்கு...

சாதாரண ஃபேன் கூலரோ, தண்ணீர் கூலரோ, அறையின் வெப்பத்துக்குக் கீழே சிப்பைக் குளிர்விக்க முடியாது. 24 டிகிரி ஏ.சி அறையில் 75 டிகிரியில் ஓடும் சிப், ஏ.சி இல்லாத 34 டிகிரி அறையில் அதே வேலைக்கு ஏறத்தாழ 85 டிகிரியைத் தொடும். மேற்சொன்ன இன்டெல் சிப்களின் உச்ச வரம்பே 100 டிகிரிதான். ஏ.எம்.டி ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95.

உப்புக்காற்று இன்னொரு தொல்லை. ஜன்னல் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் அதே காற்றுதான் கேபினெட்டுக்குள்ளும் போகிறது. ஈரத்தோடு ஒட்டும் தூசி, கூலரை அடைத்துவிடும். பவரை அணைத்துவிட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். ஐஸ் வைத்துக் குளிர்விக்கும் விபரீத முயற்சி வேண்டவே வேண்டாம். நம் ஊர்க் காற்றின் ஈரம், குளிர்ந்த பாகத்தில் தண்ணீராகத் துளிர்த்து போர்டையே காலி செய்துவிடும்.

எப்படிச் செய்வது?

* முதலில் பயாஸ் அப்டேட். அந்த நேரத்தில் கரன்ட் போனால் மதர்போர்டே முடங்கலாம். யு.பி.எஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

* ஏற்றுவதற்கு முன் இறக்கிப் பாருங்கள். வேகத்தை மாற்றாமல் வோல்டேஜை மட்டும் சிறிது சிறிதாகக் குறைப்பதற்கு `அண்டர்வோல்ட்' என்று பெயர். 5 சதவிகிதம் குறைந்தாலே சூடு சுமார் 10 சதவிகிதம் குறையும். ஏ.சி இல்லாத அறைக்கு இதுவே பெரிய லாபம்.

* வேகம் வேண்டும் என்றால், ஒரு தடவைக்கு 100 மெகாஹெர்ட்ஸ் மட்டும் ஏற்றுங்கள். சிஸ்டம் தடுமாறினால் மட்டும் 0.01 வோல்ட் கூட்டுங்கள். `ஆட்டோ' என்று விட்டால், சில மதர்போர்டுகள் தேவைக்கு மேல் அள்ளிக் கொடுக்கும்.

* ஒவ்வொரு படியிலும் சினிபெஞ்ச் போன்ற மென்பொருளை அரை மணி நேரம் ஓடவிட்டு, வெப்பத்தைக் கவனியுங்கள். சோதனையை மதிய வெயிலில் செய்யுங்கள். 85 டிகிரியைத் தாண்டினால் ஒரு படி இறங்கிவிடுங்கள்.

ஓவர்கிளாக் செய்தால் வாரன்ட்டி ரத்தாகலாம் என்பதையும் மறக்க வேண்டாம். பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, அப்பாவின் கடைக் கணக்கு, வெளிநாட்டில் இருப்பவரோடு வீடியோ கால் என வீட்டுக்கே ஒரு கம்ப்யூட்டர்தான் என்றால், கேமில் கிடைக்கும் சில ஃபிரேம்களுக்காக அதைப் பணயம் வைக்கலாமா என்று வீட்டில் ஒரு வார்த்தை பேசிவிட்டு பயாஸுக்குள் போங்கள்!