நாற்பது கழிந்த பிறகு அழும் குழந்தை

நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு 40 நாள் வரை கவனிப்புக்குக் குறைவிருக்காது. தாயார், நன்னி, சாச்சி என்று யாராவது பக்கத்தில் இருப்பார்கள். நாற்பது கழிந்ததும் வந்தவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். குழந்தையின் அழுகை உச்சத்துக்குப் போவதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான்.

பிறந்த இரண்டு வாரத்திலிருந்து கூடிக்கொண்டே போகும் அழுகை, 6 முதல் 8 வாரத்தில் மிகவும் அதிகமாகி, மூன்று நான்கு மாதத்தில் தானாகக் குறையும். நோயில்லாத குழந்தைகூட ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல் அழலாம். பெரும்பாலும் மஃரிபுக்குப் பிறகு. பால் கொடுத்து, துணி மாற்றி, எறும்பு கடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகும் நிற்காது. இதில் தாயின் குற்றம் எதுவுமில்லை. "பால் பத்தலை" என்று பக்கத்து வீட்டில் சொல்வதைக் கேட்டுப் புட்டிப்பாலுக்குப் போகாமல், எடை சரியாக ஏறுகிறதா என்று செவிலியரிடம் பாருங்கள்.

கணவர் சபுரில் இருக்க, தூக்கமில்லாமல் தனியாகப் பிள்ளையை வைத்திருப்பவளுக்கு ஆத்திரம் வருவது இயற்கை. அந்த ஆத்திரத்தில் குழந்தையைப் பிடித்துக் குலுக்குவதுதான் ஆபத்து. குழந்தைக்குத் தலை கனம், கழுத்தில் பலமில்லை. சில நொடி குலுக்கினாலே மூளையைச் சுற்றியுள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் அறுந்து, பார்வை போகலாம், வலிப்பு வரலாம், உயிரே போகலாம். வெளியே ஒரு கீறலும் தெரியாது. 1971-இல் இதை எழுதிய இங்கிலாந்து மூளை அறுவை மருத்துவர் கத்கெல்ச், அடிப்பதைவிடக் குலுக்குவது பரவாயில்லை என்று பெற்றோர் நினைத்திருந்ததைக் கவனித்தார். நம்மிடமும் அந்த நினைப்பு உண்டு. மெதுவாகத் தொட்டில் ஆட்டுவதும் மடியில் தட்டித் தூங்க வைப்பதும் இதில் சேராது, பயப்பட வேண்டாம்.

கை நடுங்கும் அளவுக்குக் கோபம் வந்தால், தரையில் பாய் விரித்துக் குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை, போர்வை பக்கத்தில் வேண்டாம். அறையை விட்டு வெளியே வந்து, முகம் கழுவி, பத்து நிமிடம் உட்காருங்கள். அதற்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். அழுதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது. யாரையாவது கூப்பிடுங்கள், இரவு இரண்டு மணியானாலும். மாமியார்மார்களுக்கும் நாத்தனார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நாற்பது முடிந்த அடுத்த மாதம், தினம் ஒரு மணி நேரம் பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்க விடுங்கள்.

தூங்குவதற்காகச் சளி மருந்து கொடுப்பதும், வசம்பு உரைத்து நாக்கில் தடவுவதும் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. கண்ணூறு என்று ஓதிப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும், ஆனால் 100.4 டிகிரி காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, பச்சை வாந்தி, வலிப்பு, துவண்டு கிடப்பது, உச்சிக்குழி புடைப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். யாராவது குலுக்கியிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சிகிச்சையே அதைப் பொறுத்தது.

தாய்க்கு எந்நேரமும் அழுகையாக வந்தாலோ, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றாலோ அதற்கும் வைத்தியம் உண்டு. 104-லும், டெலி மானஸ் 14416-லும் தமிழில் பேசலாம். கட்டணம் இல்லை.