17.8 எப்படி 17 ஆனது?

1842-ல் வாஷிங்டன் நகரில், அமெரிக்கக் கடற்படையின் வரைபடக் கிடங்குக்குப் பொறுப்பேற்க ஓர் அதிகாரி வந்தார். பெயர் மேத்யூ மௌரி. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு கோச் வண்டி கவிழ்ந்து அவருக்குக் கால் உடைந்திருந்தது. இனிக் கப்பல் வேலைக்கு லாயக்கில்லை என்று மேசை வேலை கொடுத்துவிட்டார்கள்.

கிடங்கு நிறையப் பழைய கப்பல் குறிப்பேடுகள். காற்று எந்தப் பக்கம், நீரோட்டம் எப்படி, கப்பல் இருக்கும் இடம் எது என்று மாலுமிகள் நாள்தோறும் எழுதி வைத்தவை. ஓர் ஏட்டைப் படித்தால் ஒரு பயணம் தெரியும். எல்லா ஏடுகளையும் ஒன்றாகச் சேர்த்தால்? கடலே தெரியும்! மௌரி சேர்த்தார். 1847-ல் காற்று, நீரோட்ட வரைபடம் வெளிவந்தது. அதை நம்பிப் போன கப்பல்கள் பல நாட்கள் முன்னதாகவே கரை சேர்ந்தன.

இன்று கணினியில் இதே வேலைக்கு, ஓர் அட்டவணையின் அடியில் இன்னொன்றை ஒட்டினால் போதும் என்று தோன்றும். ஒட்டுவது சுலபம்தான். ஒரு வகுப்பில் 50-க்கு மார்க், அடுத்த வகுப்பில் 100-க்கு மார்க் என்றால் இரண்டையும் அப்படியே சேர்த்து ரேங்க் போட முடியுமா? தலைப்பில் என்னவோ 'மார்க்' என்றுதான் இருக்கும்!

கப்பல் ஏடுகளிலும் இந்த வில்லங்கம் உண்டு. தீர்க்கரேகையை ஆங்கிலேயர் கிரீன்விச்சிலிருந்து எண்ணினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பாரிசிலிருந்து எண்ணினார்கள். புதுச்சேரிக் கரையில் நங்கூரமிட்ட பிரெஞ்சுக் கப்பலின் ஏட்டில் சுமார் 77½ டிகிரி கிழக்கு என்று இருக்கும். அதை கிரீன்விச் கணக்கென்று நினைத்து வரைபடத்தில் குறித்தால், கப்பல் கடலை விட்டுச் சுமார் 250 கிலோமீட்டர் மேற்கே, மேட்டூரையும் தாண்டி மாதேஸ்வரன் மலைப் பக்கம் போய் நிற்கும்! எனவே முதலில் பாரிஸ் எண்ணோடு 2 டிகிரி 20 நிமிடம் கூட்ட வேண்டும். அப்புறம்தான் சேர்க்கலாம்.

மௌரிக்கும் இந்தத் தொல்லை தெரியும். 1853-ல் பிரஸ்ஸல்ஸில் பத்து நாட்டுப் பிரதிநிதிகள் கூடி, எல்லாக் கப்பல்களும் ஒரே மாதிரிப் படிவத்தில் எழுதலாம் என்று பேசி முடித்தார்கள்.

படிவம் ஒன்றானாலும் அளக்கும் கை ஒன்றாகிவிடுமா? கடல்நீரின் வெப்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கப்பலில் கித்தான் வாளியை இறக்கி நீர் மொண்டார்கள். மேலே இழுப்பதற்குள் வாளியின் ஈரம் ஆவியாகி, நீர் கொஞ்சம் குளிர்ந்துவிடும். இன்னொரு கப்பலில் எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே வரும் நீரை அளந்தார்கள். எஞ்சின் அறைச் சூட்டில் அது கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். இரண்டும் ஒரே பத்தியில்தான் வந்து உட்காரும்.

பல நாடுகளின் கப்பல் பதிவுகளையும் சேர்த்த பெரிய தரவுத் தொகுப்பு 1985-ல் வெளிவந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சாதாரணப் பத்தி. ஒவ்வொரு வரியும் எந்தத் துளை அட்டைக் கட்டிலிருந்து வந்தது என்று அதில் ஓர் எண் இருக்கும். துளை அட்டை என்பது அந்தக் காலக் கணக்கு இயந்திரங்களுக்கான காகித அட்டை. எல்லாம்தான் ஒன்றாகிவிட்டதே, இனி இந்த எண் எதற்கு என்று யாராவது அழித்திருந்தால் போச்சு.

2019-ல் அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சிலர், ஏறத்தாழ ஒரே நேரத்தில் அருகருகே சென்ற கப்பல்களை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார்கள். அந்த எண்ணை வைத்துப் பார்த்தபோது, ஜப்பானியப் பதிவுகள் கொண்ட ஒரு கட்டு கடலைக் குளிர்ச்சியாகவே காட்டியது. ஏன்? அட்டைக்கு மாற்றியபோது, புள்ளிக்குப் பின்னால் இருந்த எண்ணை வெட்டியிருந்தார்கள். 17.8 என்றாலும் 17, 17.1 என்றாலும் 17. இப்படிச் சராசரியாக அரை டிகிரிக்குச் சற்றே குறைவாகக் காணாமல் போயிருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அட்லாண்டிக் வேகமாகச் சூடேற, வட பசிபிக் மட்டும் ஏன் பின்தங்கியது என்பது அதுவரை புதிராக இருந்தது. அந்தக் கட்டையும், பிழை இருந்த வேறு சில கட்டுகளையும் திருத்தியதும், இரண்டு கடல்களுக்கும் இடையிலிருந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிட்டது.