பேசாத பிள்ளைக்குக் காது கேட்கிறதா?

குமரகுருபரர் ஐந்து வயது வரை வாய் பேசாதிருந்தார் என்பதும், திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் அவருக்குப் பேச்சு வந்தது என்பதும் தமிழ் நாட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் வரலாறு. மூன்று வயதாகியும் பிள்ளை பேசவில்லையே என்று ஏங்கும் தாய்மார்களுக்கு இந்த வரலாறு பெரிய ஆறுதல். ஆறுதல் நல்லதுதான். ஆனால் அந்த ஆறுதலை நம்பி ஐந்து வயது வரை காத்திருப்பது நல்லதல்ல. பேசக் கற்பதற்கென்று இயற்கை குழந்தையின் மூளைக்கு வகுத்துக் கொடுத்திருக்கும் காலத்தில் பெரும் பகுதி அந்த ஐந்து வயதுக்குள் கழிந்துவிடுகிறது.

'தானாப் பேசுவான், வுடு!'

சேலத்திலிருந்து பெங்களூர் போகும் சாலையில், சரபங்கா நதியை ஒட்டி இருக்கிறது ஓமலூர். ஓமலூரிலும் சரி, அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் சரி, பேச்சு தாமதிக்கும் பிள்ளையைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் வார்த்தை பெரும்பாலும் ஒன்றுதான். "என்ன புள்ள, இப்படி அவசரப்படறே? இவங்கப்பன் மூணு வயசு வரைக்கும் வாயே தெறக்கல. தானாப் பேசுவான், வுடு!" என்று மருமகளை அடக்கிவிடுவார் மாமியார். மருமகளும் அடங்கிவிடுவாள்.

மாமியார் சொல்வது சில சமயம் பலித்துவிடுவதுதான் இதில் உள்ள சங்கடம். சில குழந்தைகள் தாமதமாகப் பேசத் தொடங்கிப் பிறகு வெளுத்து வாங்குவதுண்டு. ஆனால் எந்தக் குழந்தை தானாகப் பேசும், எந்தக் குழந்தை பேசாது என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அதைக் கண்டறியச் சோதனை வேண்டும். முதலில் செய்ய வேண்டிய சோதனை வாய்க்கு அல்ல, காதுக்கு.

காது கேளாத குழந்தைக்கு நாக்கில் குறையில்லை, தொண்டையில் குறையில்லை. கேட்டால்தானே திருப்பிச் சொல்ல முடியும்? தமிழ் வீட்டில் வளரும் பிள்ளை தமிழ் பேசுவதும் தெலுங்கு வீட்டில் வளரும் பிள்ளை தெலுங்கு பேசுவதும் கேள்வியால்தான். 'ஊமை' என்று ஊரார் பெயர் சூட்டிய எத்தனையோ பிள்ளைகளின் உண்மையான குறை காதில்தான் இருந்தது.

பிறக்கும் குழந்தைகளில் ஆயிரத்துக்கு 1 முதல் 3 வரை காது கேட்பதில் குறிப்பிடத்தக்க குறையோடு பிறப்பதாக உலக அளவில் கணக்குச் சொல்கிறார்கள். கர்ப்ப காலத்தில் தாய்க்கு வரும் ருபெல்லா அம்மை, குறை மாதப் பிரசவம், பிறந்தவுடன் கடுமையாகக் காணும் மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் ஆகியவை முக்கியமான காரணங்கள். பரம்பரையும் ஒரு காரணம். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களில், இருபுறமும் மறைந்திருக்கும் ஒரே குறை குழந்தையிடம் வந்து சேர இடமுண்டு. இந்த வழக்கம் இந்தியாவிலேயே மிகுதியாக உள்ள மாநிலங்களில் தமிழ் நாடும் ஒன்று. அப்படி மணந்தவர்கள் பயந்து நடுங்க வேண்டியதில்லை. குழந்தை பிறந்ததும் காதைச் சோதித்துவிட வேண்டும், அவ்வளவே.

கைதட்டிப் பார்ப்பது போதாது

"கதவைச் சாத்தினால் திரும்பிப் பார்க்கிறானே, காது கேட்காமலா?" என்று கேட்பவர்கள் உண்டு. கதவு சாத்தும்போது தரை அதிர்கிறது, காற்று அசைகிறது, நிழல் நகர்கிறது. காது கேளாத குழந்தையின் கண்ணும் தோலும் இவற்றையெல்லாம் சட்டென்று பிடித்துக்கொள்ளும். முதுகுக்குப் பின்னால் கைதட்டிப் பார்ப்பதும் இப்படித்தான் ஏமாற்றிவிடும். போதாக்குறைக்கு, காது கேளாத குழந்தையும் அழுகிறது, சிரிக்கிறது, நாலைந்து மாதத்தில் 'ங்கா' என்று குரல் கொடுக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் குரல் வளராமல் தேய்ந்து போவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. தாரமங்கலம் பக்கம் தறி ஓடும் வீடுகளில் கேட்கவே வேண்டாம். அந்தச் சத்தத்தில் பெரியவர்களே சைகையில் பேசிக்கொள்ளும்போது, பிள்ளை பேசாதிருப்பது கண்ணில் படுவதேது?

லண்டனில் டேவிட் கெம்ப் என்ற விஞ்ஞானி 1978-இல் ஓர் அதிசயத்தை வெளியிட்டார். நல்ல காது ஒலியைக் கேட்பதோடு நிற்பதில்லை. மிக மெல்லிய ஒலியைத் தானும் திருப்பி அனுப்புகிறது. இதை வைத்துப் பிறந்து இரண்டு நாளே ஆன சிசுவின் காதையும் சோதிக்கக் கருவி வந்துவிட்டது. தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்தால் சில நிமிஷங்களில் வேலை முடிந்துவிடும். ஊசி இல்லை, வலி இல்லை. இதில் சந்தேகம் எழுந்தால், தலையில் மின் முனைகளை ஒட்டி, ஒலி மூளைக்குப் போகும் வழியைப் பரிசோதிக்கிறார்கள்.

நிபுணர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 1 மாதத்துக்குள் முதல் சோதனை. 3 மாதத்துக்குள் குறை உண்டா இல்லையா என்ற முடிவு. 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். அமெரிக்காவின் கொலராடோ மாகாணக் குழந்தைகளை ஆராய்ந்து 1998-இல் வெளியான ஆய்வு இதற்கு வலுவான ஆதாரம். ஆறு மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள், பின்னால் கண்டறியப்பட்ட குழந்தைகளைவிட மொழியில் தெளிவாக முன்னேறியிருந்தனர்.

நத்தைச் சிப்பியும் புல்லும்

குறை கண்டால் அடுத்தது காதுக் கருவி. அதனாலும் பயனில்லாத அளவுக்குக் குறை கடுமையாக இருந்தால் 'காக்ளியர் இம்ப்ளான்ட்' என்ற உட்செவிக் கருவி. இதற்கு உழைத்தவர்களில் முதன்மையானவர் ஆஸ்திரேலியாவின் டாக்டர் கிரேம் கிளார்க். மருந்துக் கடை நடத்திய அவருடைய தந்தை காது சரியாகக் கேளாதவர். உட்செவி நத்தை ஓடு போலச் சுருண்டது. அதற்குள் மின் கம்பியை எப்படிச் செலுத்துவது என்று அவர் திகைத்துக்கொண்டிருந்தார். 1977-இல் கடற்கரையில் கிடந்த ஒரு சிப்பிக்குள் புல்லை நுழைத்துப் பார்த்தார். நுனி வளைந்து கொடுத்து அடி விறைப்பாக இருந்த புல், சுருளுக்குள் எளிதாகச் சென்றது. மறு ஆண்டே மெல்போர்னில் முதல் அறுவை சிகிச்சையைச் செய்து முடித்தார்.

பல லட்சம் ரூபாய் பிடிக்கும் இந்தச் சிகிச்சை ஏழைக்கு எட்டுமா? தமிழ் நாட்டில் எட்டுகிறது. 2009-இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்திலும், அதன் பின் 2012 முதல் நடக்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இந்தக் கருவியைப் பெற்றிருக்கிறார்கள். ஆனால் இதற்கு வயது வரம்பு ஆறு. ஐந்து வயது வரை காத்திருந்துவிட்டு அதற்குப் பின் அலையத் தொடங்கும் குடும்பத்துக்கு எவ்வளவு காலம் மிச்சம்?

கருவி பொருத்தினால் மறுநாளே பிள்ளை பேசிவிடும் என்று எண்ணுவதும் தவறு. கருவி ஒலியைக் கொடுக்கிறது; அந்த ஒலியில் 'அம்மா' எது, 'ஆடு' எது என்று பிரித்தறிய மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். பயிற்சியை நடுவில் விட்டால் கருவி வெறும் நகைதான்.

தாயே ஆசிரியை

சென்னையில் 1969 முதல் நடந்து வரும் பால வித்யாலயா பள்ளியின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. காது கேளாத மிகச் சிறு குழந்தைகளுக்கான பள்ளி அது. கட்டணம் வாங்குவதில்லை, ஆனால் தாய் கூடவே வர வேண்டும். கைக்குழந்தைப் பருவத்திலேயே சேர்த்துக்கொண்டு, கேட்கவும் பேசவும் பழக்கி, ஐந்து வயது வாக்கில் மற்றப் பிள்ளைகள் படிக்கும் சாதாரணப் பள்ளிக்கு அனுப்பிவைப்பதே அதன் நோக்கம். ஆசிரியையோடு குழந்தை இருப்பது சில மணி நேரம். தாயோடு இருப்பது நாள் முழுதும். ஆகவே தாய்க்குக் கற்றுக்கொடுப்பதே குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கும் வழி என்பது அங்கே கண்ட பாடம்.

இந்தப் பாடத்துக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. குழந்தையின் முகத்துக்கு நேராகக் குனிந்து பேச வேண்டும். அது எதைப் பார்க்கிறதோ அதன் பெயரை அப்போதே சொல்ல வேண்டும். ஆடு வந்தால் ஆடு. மழை வந்தால் மழை. கேட்குமுன் கொடுத்துவிடாமல், பாலையும் பழத்தையும் இரு கையில் காட்டி, "எது வேணும்?" என்று கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுக்க வேண்டும். 'பா' என்று குழந்தை சொன்னால், "பால் வேணுமா? சூடான பால்!" என்று வளர்த்துச் சொல்ல வேண்டும். காதுக் கருவியைத் தூங்கும் நேரம் தவிர எப்போதும் மாட்டியிருக்க வேண்டும்.

நம் பாட்டிமார் இதையெல்லாம் விளையாட்டாகவே செய்து வந்தார்கள். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, நண்டையும் நரியையும் ஊரவிட்டு, கடைசியில் கிச்சுக்கிச்சு மூட்டுமுன் ஒரு கணம் நிறுத்துவார்கள் அல்லவா? அந்த ஒரு கணத்தில் குழந்தை தாயின் கண்ணைப் பார்த்துக் குரல் கொடுக்கிறது. பேச்சின் முதல் படி அதுதான். இன்று அந்த இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. கைப்பேசி பேசும்; குழந்தை பதில் சொல்வதற்காகக் காத்திருக்காது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது.

செய்யக் கூடாதவையும் உண்டு. நாக்குத் தடிப்பு என்று வசம்பைத் தேய்ப்பதாலோ, காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதாலோ பேச்சு வராது. ஒரு வயதுக்குள் தேன் தடவுவது ஆபத்தையே தரலாம். சைகையில் பேசினால் வாய்ப் பேச்சு வராமல் போகும் என்று அஞ்சிச் சைகையைத் தடுப்பதும் சரியல்ல. சைகை மொழியும் முழு மொழிதான். எந்த வழியிலாவது குழந்தைக்கு ஒரு மொழி சிறு வயதிலேயே கிடைக்க வேண்டும் என்பதே முக்கியம்.

எங்கே போவது?

ஆறு மாதத்தில் குரல் வரும் திசைக்குத் திரும்பாத குழந்தை, ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் பாராத குழந்தை, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் சொல்லாத குழந்தை, இரண்டு வயதில் 'அம்மா வா' என்று இரு சொல் சேர்க்காத குழந்தை - இவர்களைக் காத்திருக்காமல் காட்டிவிட வேண்டும். 'ர', 'ழ' திருந்தாதது பற்றி நாலைந்து வயது வரை கவலை வேண்டாம். காது நன்றாக இருந்தும் பேச்சு வராவிட்டால் ஆட்டிசம் முதலிய வேறு காரணங்கள் இருக்கலாம். அவற்றுக்கும் சீக்கிரம் தொடங்கும் பயிற்சியே பலன் தரும்.

அங்கன்வாடி ஊழியரிடம் முதலில் சொல்லலாம். 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டப்படி, மருத்துவக் குழு அங்கன்வாடிப் பிள்ளைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்க வேண்டும். குறை கண்ட பிள்ளைகளுக்கென்று மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களும் ஏற்பட்டிருக்கின்றன. ஓமலூரில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. மேற்கொண்டு சோதனை தேவைப்பட்டால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. காதுக் கருவிக்கு மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

தறியை ஒரு நாள் நிறுத்தினால் அன்றைய கூலி போகும். இரண்டு மூன்று முறை போக நேர்ந்தால் செலவும் கூடும். அது உண்மைதான். சோதனையில் காது நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் மாமியார் சொன்னதே சரியாகப் போகட்டும், அவருக்கும் மகிழ்ச்சிதான். குறை இருக்கிறது என்று தெரிந்தாலோ, அன்று போன கூலி பிள்ளைக்கு ஒரு மொழியைச் சம்பாதித்துக் கொடுத்த கூலியாகும்.