நாஃபிகா: மணலுக்குள் ஒரு மறைவாசல்

‘நிஃபாக்’ என்னும் சொல்லின் வேரை விளக்காமல் எந்த அரபு ஆசிரியரும் தம் பணிக்காலத்தைக் கடந்திருக்க முடியாது. ‘யர்பூஉ’ எனப்படும் பாலைவனச் சிற்றெலி தன் வளைக்குப் பல வாசல்களை வைக்கும். வெளிப்படையாகத் தெரியும் வாசலுக்கு ‘காஸிஆ’ என்று பெயர். மண்ணை மெல்லிய ஏடுபோல் விட்டுவைத்து, வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தென்படாதவாறு அமைக்கும் மற்றொரு வாசலுக்கு ‘நாஃபிகா’ என்று பெயர். வேட்டையாடுபவன் காஸிஆவில் கைவைத்தால், அது நாஃபிகாவைத் தலையால் முட்டித் திறந்துகொண்டு ஓடிவிடும். ஒரு வாசலால் மார்க்கத்தினுள் நுழைந்து மறுவாசலால் வெளியேறுபவனுக்கு ‘முனாஃபிக்’ என்னும் பெயர் இதனடியாக வந்தது என்று அகராதி ஆசிரியர்கள் எழுதினர். ஹிஜ்ரி 711இல் மறைந்த இப்னு மன்ளூரின் ‘லிஸானுல் அரப்’ போன்ற பேரகராதிகள் இவ்விளக்கத்தைப் பதிவு செய்துள்ளன.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாடத்தை நடத்தியபோது, பழவேற்காட்டு மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத், எங்கள் ஊர் மணல்மேட்டில் வெள்ளெலியும் இப்படித்தான் வளை தோண்டும். நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். நான் பார்த்ததில்லை. பல்லாண்டுகளாகச் சொல்லிக்கொடுத்த ஒரு சொல்லின் உயிருள்ள பொருளை ஒருமுறையேனும் கண்ணால் காணாமலே சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது. அடுத்த விடுமுறையில் அம்மாணவருடன் பழவேற்காட்டிற்குச் சென்றேன். இக்கட்டுரை அப்பயணத்தின் விளைவு.

ஏரியும் மணலும்

பழவேற்காடு ஏரி இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சில்காவை அடுத்து இரண்டாவது பெரியது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்தின் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளன. ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல்தீவு அரணாகக் கிடக்கிறது. 1613இல் டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியா கோட்டையால் இவ்வூர் வரலாற்று நூல்களில் இடம்பெற்றது. நம் சமுதாயத்திற்கோ, அரபு வணிகத் தொடர்பாலும் அரபுத்தமிழ் மரபாலும் இது நெருக்கமான ஊர். கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், ஜமீலாபாத் என ஏரியையும் கடலையும் நம்பி வாழும் குப்பங்கள் பல இங்குண்டு.

இது பாலைவனமன்று, வடகிழக்குப் பருவமழை இங்கே நன்றாகவே பெய்கிறது. எனினும் மணல் நீரைத் தன் மேற்பரப்பில் தங்கவிடுவதில்லை. கோடையில் ஏரிநீரின் உப்பு கடல்நீரின் உப்பையும் விஞ்சிவிடுவதுண்டு. அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்த மணல்மேட்டில் சித்திரை வெயிலில் நின்றால், சுற்றிலும் நீர் இருந்தும் குடிக்க ஒரு துளி இல்லை. சிறிய பிராணியொன்றுக்கு இந்நிலை பாலைவனத்தின் நிலையே.

மாலை மங்கும் வேளையில் இருளர் பெரியவர் ஒருவர் எங்களுக்கு வழிகாட்டினார். ஏரியில் கையால் துழாவி இறால் பிடிப்பதும், வயல்வெளிகளில் எலிவளை கண்டு தோண்டுவதும் அவர் பரம்பரைத் தொழில்கள். மண்ணால் அடைக்கப்பட்ட ஒரு வாயைக் காட்டி, “உள்ளே இருக்கிறது பாய். இந்தப் பக்கம் தோண்டினால் அந்தப் பக்கம் கிளம்பிவிடும். அந்த வாயை முதலில் கண்டுபிடித்து அடைத்துவிட்டுத்தான் இங்கே கைவைக்க வேண்டும்” என்றார். நாஃபிகாவுக்கு இதைவிடச் செம்மையான விரிவுரையை நான் எந்த நூலிலும் கண்டதில்லை.

ஒரே பிராணி, இரு நிலங்கள்

வெள்ளெலிக்கு விலங்கியலார் இட்ட பெயர் டட்டேரா இண்டிகா. முதுகு பழுப்பு, வயிறு தூய வெண்மை, பெரிய கண்கள், உடலைவிடச் சற்றே நீண்ட வாலின் நுனியில் கருமயிர்க் குஞ்சம். யர்பூஉ இதனினும் வேறான குடும்பத்தைச் சேர்ந்தது. கங்காருவைப்போல் இரு பின்னங்கால்களால் தாவிச் செல்வது. ஆகவே இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. ஆனால் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. பழவேற்காட்டின் இந்த வெள்ளெலி சிரியா, இராக், குவைத், ஈரான் நாடுகளிலும் வாழ்கிறது. அங்கிருந்து இந்தியா வழியாக இலங்கைவரை அதன் இருப்பிடம் பரந்துள்ளது. ஹிஜ்ரி 255இல் பஸராவில் மறைந்த அல்ஜாஹிள், தமது ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் பெருநூலில் யர்பூஉவைப் பற்றியும் அதன் வளைகளைப் பற்றியும் எழுதினார். அவர் வாழ்ந்த நிலத்தில் நம்மூர் வெள்ளெலியின் இனமும் உண்டு.

ஃபிக்ஹு அறிஞர்களும் எலிகளை எல்லாம் ஒரே தட்டில் வைக்கவில்லை. வீட்டெலியைத் தீங்கிழைக்கும் பிராணியாகக் கருதி, இஹ்ராமில் உள்ளவரும் அதைக் கொல்லலாம் என்றனர். யர்பூஉவை இஹ்ராமில் உள்ளவர் கொன்றால் அதற்கு வெள்ளாட்டுக் குட்டி ஒன்றைப் பரிகாரமாகத் தரவேண்டும் என்பது ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு. ஷாஃபிஈ மத்ஹபில் யர்பூஉ உண்ணத்தக்கது. ஹனஃபி மத்ஹபில் தகாதது. பிராணிகளை உற்று நோக்கி வேறுபடுத்தி அறிந்த ஒரு மரபே இத்தகைய நுட்பமான தீர்ப்புகளை வழங்க முடியும்.

நீரின் வரவுசெலவு

நீரருந்தாமல் ஓர் உயிர் எவ்வாறு வாழும்? இக்கேள்விக்கு அளந்து விடைகண்டவர்களுள் முதன்மையானவர் நட் ஷ்மிட்-நீல்சன் என்னும் உடலியல் அறிஞர். 1940களின் இறுதியில் அவரும் போடில் ஷ்மிட்-நீல்சனும் அமெரிக்காவின் அரிசோனாப் பாலையில் கங்காரு எலியை ஆராய்ந்தனர். உலர்ந்த விதைகளை மட்டும் தின்று, ஒரு சொட்டு நீரும் பருகாமல் அது நலமாக வாழ்ந்தது. உடலில் எங்கோ நீரைச் சேமித்து வைத்திருக்கிறது என்று பலர் கருதினர். அவ்வாறு இல்லை என்பது ஆய்வில் தெரிந்தது.

உண்மை இதுதான். உணவு உடலில் எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் மூச்சுக்காற்றின் ஆக்சிஜனுடன் கூடி நீராகிறது. விறகு எரியும்போது எழும் புகையிலும் இப்படிப் பிறந்த நீராவி உண்டு. ஒரு கிராம் மாவுப்பொருள் எரிந்தால் ஏறத்தாழ 0.6 கிராம் நீரும், ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் ஒரு கிராமுக்குச் சற்று மிகுதியான நீரும் உண்டாகின்றன. நம் உடலிலும் இது நிகழ்கிறது. ஆனால் நம் செலவுக்கு அவ்வரவு போதாது. கங்காரு எலி 100 கிராம் வாற்கோதுமையைத் தின்றால் 54 கிராம் நீர் பிறக்கிறது. தானியம் காற்றிலிருந்து உறிஞ்சிய ஈரத்தால் மேலும் 6 கிராம் கிடைக்கிறது. ஆக வரவு 60 கிராம். மூச்சிலும் தோலிலும் 44 கிராமும், சிறுநீரில் சுமார் 13.5 கிராமும், எச்சத்தில் 2.6 கிராமும் செலவாகின்றன. வரவும் செலவும் சரியாகிவிடுகின்றன. அதன் வாழ்வு முழுவதும் இந்தச் சிக்கனத்தின்மீதே நிற்கிறது.

சிக்கனம் மூக்கிலேயே தொடங்குகிறது. உள்ளே செல்லும் உலர்காற்று மூக்கின் உட்சுவரைக் குளிரச் செய்கிறது. நுரையீரலிலிருந்து ஈரத்துடன் திரும்பும் வெப்பக்காற்று அக்குளிர்ந்த சுவரைத் தொடும்போது, அதன் ஈரத்தில் ஒரு பகுதி அங்கேயே படிந்துவிடுகிறது. குளிர்நீர்க் குவளையின் வெளிப்புறத்தில் துளிகள் அரும்புவது போன்றதே இது. வெளியேறவிருந்த நீர் இவ்வாறு உடலுக்கே மீள்கிறது. வியர்த்துக் குளிரும் வழக்கமும் இச்சிற்றெலிகளுக்கு இல்லை.

அடுத்தது சிறுநீரகம். அதனுள் கொண்டை ஊசிபோல் வளைந்த நுண்குழல்கள் உள்ளன. அவற்றைக் கண்டு விவரித்த ஜெர்மானிய அறிஞர் ஹென்லேயின் பெயரால் அவை வழங்குகின்றன. இக்குழல் நீள நீளச் சிறுநீரிலிருந்து மீட்கப்படும் நீரும் மிகும். மனிதனின் சிறுநீர் இரத்தத்தின் செறிவைப்போல் நான்கு மடங்குவரை செறிவு பெறும். வெள்ளை ஆய்வக எலியில் ஒன்பது மடங்கு. கங்காரு எலியில் பதினான்கு மடங்கு. ஆஸ்திரேலியப் பாலையின் தாவும் சுண்டெலியில் ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு. கடல்நீரைக் குடித்தவனுக்குத் தாகம் மிகும் என்பதை மீனவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. குடித்த உப்பை வெளியேற்றக் குடித்ததைவிட மிகுதியான நீரை நம் உடல் இழக்கிறது. கங்காரு எலிக்குப் புரதம் மிகுந்த சோயாவைத் தின்னக் கொடுத்து, நீரின் தேவையைக் கூட்டி, கடல்நீரையே பருகத் தந்தபோது அது அதையும் அருந்தி உயிர்வாழ்ந்ததை ஆய்வாளர் கண்டனர்.

வெள்ளெலி இத்துணைக் கடுந்தவசி அன்று. விதைகளோடு கிழங்கு, பசுந்தளிர், பூச்சிகள் ஆகியவற்றையும் தின்று அவற்றின் ஈரத்தைப் பெறுகிறது. அதன் பெருந்துணை வளைதான். பாலையில் மேல்மணல் 60 பாகை செல்சியசைத் தாண்டும்போதும், ஓரிரு முழ ஆழத்தில் வெப்பம் அதில் பாதியளவே. வாயை மண்ணால் அடைத்துவிட்டால், மூச்சின் ஈரம் உள்ளேயே தங்கி வளையின் காற்றை நனைத்துவைக்கும். உலர்காற்றில் இழக்கும் அளவு நீரை அங்கே உடல் இழப்பதில்லை. பகலெல்லாம் அங்கே உறங்கி, இரவில் மட்டும் அது வெளிவருகிறது. அதன் காதுக்குள் உள்ள எலும்பறையும் உடலளவுக்கு மிஞ்சிப் பெரியது. கங்காரு எலியிலும் அவ்வாறே. ஆந்தைச் சிறகின் தாழ்ந்த ஒலியையும், பாம்பு பாயுமுன் எழும் சலனத்தையும் அத்தகைய காது பிடித்துவிடுகிறது.

பகையா, துணையா?

நம் நாட்டில் இவ்வாய்வுக்குத் தலைமையிடம் ஜோத்பூர். அங்கே 1952இல் தொடங்கப்பெற்ற பாலைவனக் காடு வளர்ப்பு நிலையம், 1959இல் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது. அங்குப் பணியாற்றிய விலங்கியலார் ஈஷ்வர் பிரகாஷ், தார்ப் பாலையின் கொறிவிலங்குகளைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தார். தார்ப் பாலையின் வெள்ளெலி இனம் ஒன்று பகலில் நடமாடுவது. நம்முடையது இரவில் நடமாடுவது. இருவேறு பொழுதுகளைப் பங்கிட்டுக்கொண்டு இரண்டும் ஒரே நிலத்தில் வாழ்கின்றன.

இவற்றைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அது நேர்மையாகாது. பயிருக்கும் மேய்ச்சல் புல்லுக்கும் இவை கேடு செய்வதுண்டு. பிளேக் நோய்க்கிருமியைக் காட்டில் காத்துவைக்கும் பிராணிகளுள் வெள்ளெலியும் ஒன்று. கர்நாடகம், ஆந்திரம், தமிழகம் கூடும் எல்லைப் பகுதியில் இதன்பொருட்டே நெடுங்காலமாகக் கண்காணிப்பு நடந்துவருகிறது. எனவே செத்த எலியைச் சிறுவர் கையால் தொடலாகாது. ஆனால் மணல்மேட்டில் ஆந்தைக்கும் நரிக்கும் பாம்புக்கும் இதுவே உணவு. இதன் வளைகள் மண்ணைப் புரட்டுகின்றன. கைவிடப்பட்ட வளைகளில் வேறு பிராணிகள் குடியேறுகின்றன. பொந்துகளில் சிறுநீர் கழிப்பதற்கு ஹதீஸில் வந்துள்ள தடையை நாம் சிறுவர்க்குக் கற்பிக்கிறோம். அங்கே குடியிருப்போர்க்கும் நமக்கும் இடையே உள்ள ஒழுங்கை அத்தடை நினைவூட்டுகிறது.

அன்றிரவு திரும்பும் வழியில் மாணவரின் பாட்டனார், மணல்மேட்டின் ஓரத்தில் கையால் தோண்டிய ஊற்றொன்றைக் காட்டினார். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது, ஊற்றுநீரோ இனித்தது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்பதால் இது கூடுகிறது. மேட்டு மணலை அள்ளிவிட்டாலோ, அளவுக்கு மிஞ்சி இறைத்துவிட்டாலோ, கீழிருக்கும் உப்பு மேலேறிவிடும். “முன்பு இப்படி ஆறு ஊற்றுகள் இருந்தன ஹஜ்ரத். இப்போது இரண்டில்தான் வாயில் வைக்கும்படி இருக்கிறது” என்றார் அவர்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, செடிகொடிகள் பிணைத்த மணல்மேடுகள் பல இடங்களில் அலையின் வேகத்தைத் தணித்தன. 2011, 2019ஆம் ஆண்டுகளின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைகள் மணல்மேடுகளைச் சிறப்பாகப் பேணத்தக்க இடங்களின் பட்டியலில் சேர்த்துள்ளன. சட்டம் தாளில் இருக்கிறது. வண்டிகள் மணலேற்றும்போது தடுத்துக் கேட்க வேண்டியவர்கள் ஊரார். மஹல்லா ஜமாஅத்தும் மீனவப் பஞ்சாயத்தும் ஒரே குரலில் கேட்டால் அக்குரலுக்கு வலிமை உண்டு.

வெள்ளெலியின் வளை இருக்கும் மேடும், மீனவரின் ஊற்று இருக்கும் மேடும் வெவ்வேறல்ல. மேடு போனால் எலி வேறிடம் தேடும். குடத்துடன் நிற்கும் பெண்ணுக்கு வேறிடம் எளிதில் வாய்க்காது. மனிதனிடத்தில் இருவாசல் வைப்பது இழிவு என்று நம் அகராதி சொல்கிறது. மேட்டைக் காப்பதாகக் கூட்டத்தில் பேசிவிட்டு, வீடு கட்ட அதே மேட்டின் மணலை வாங்குபவருக்கும் அச்சொல் பொருந்தும். இப்போது வகுப்பில் ‘நிஃபாக்’ என்னும் சொல்லை விளக்கும்போது நான் நூலை மூடிவிட்டுப் பழவேற்காட்டு மாணவரை எழுந்து சொல்லச் சொல்கிறேன். வளையை அவர் விவரித்து முடித்ததும், ஊற்றையும் சொல்லச் சொல்கிறேன்.