ஒரே பொத்தான், இரண்டு வேலை

தொலைக்காட்சி நிலையத்தின் மாஸ்டர் கண்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்தால் சுவர் நிறைய ஒளிரும் திரைகள்தான் முதலில் கண்ணில் படும். அந்தத் திரைகளில் எந்தப் படம் எங்கே தெரிய வேண்டும் என்று தீர்மானிப்பதோ மேசையில் பதித்திருக்கும் நாலு விரல் உயரப் பொத்தான் பலகை. வீடியோ ரூட்டரின் கண்ட்ரோல் பேனல் அது. வீட்டு வைஃபை ரூட்டருக்கும் இதற்கும் பெயரில்தான் ஒற்றுமை.

ரூட்டருக்குள் வந்து சேரும் படங்களை சோர்ஸ் என்பார்கள்: ஸ்டுடியோ கேமரா, வெளியிட ஒளிபரப்புக்குப் போகும் ஓ.பி. வேன், செயற்கைக்கோள் வழியாக வரும் ஃபீட். படம் போய்ச் சேரும் இடம் டெஸ்டினேஷன்: மானிட்டர், ரெக்கார்டர், ஒளிபரப்பு. ஒரு சோர்ஸை எத்தனை இடத்துக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆனால் ஒரு டெஸ்டினேஷனில் ஒரு நேரத்தில் ஒரு படம்தான் இருக்க முடியும். புதிதாக ஒன்றை அனுப்பினால் பழையது போய்விடும். அடுத்த அறையில் யாரோ அதைப் பதிவு செய்துகொண்டிருந்தாலும் போய்விடும். இந்த வேலையின் பயமெல்லாம் இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது.

16 சோர்ஸ், 16 டெஸ்டினேஷன் உள்ள சின்ன ரூட்டரிலேயே 256 இணைப்புகள் சாத்தியம். 288-க்கு 288 என்றால் 82,944. இணைப்புக்கு ஒரு பொத்தான் என்று வைக்க முடியுமா? ஆகவே இருக்கிற பொத்தான்களுக்கே முறைக்கு ஒரு வேலை கொடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்தின் வீடியோஹப் ஸ்மார்ட் கண்ட்ரோலை எடுத்துக்கொள்வோம். அதில் 40 பொத்தான்கள். அதை ‘கட் பஸ்’ முறையிலும் வைக்கலாம், ‘எக்ஸ்-ஒய்’ முறையிலும் வைக்கலாம்.

கட் பஸ்ஸில் ஒரு டெஸ்டினேஷனை முன்கூட்டியே குறித்து வைத்துவிடலாம். அதன்பின் அழுத்துவதெல்லாம் சோர்ஸ்தான். தொட்டவுடன் படம் மாறும். ஒரே மானிட்டரில் மூன்று கேமராவின் நிறத்தை மாற்றி மாற்றி ஒத்துப்பார்க்கும் என்ஜினியருக்கு இதைவிட வசதி கிடையாது. எக்ஸ்-ஒய் முறையில் முதலில் டெஸ்டினேஷனைத் தொட வேண்டும், பிறகு சோர்ஸை. கட்டடம் முழுவதும் கைக்குள் வந்துவிடும். ஆபத்தும் கூடவே வரும். பத்து நிமிடம் முன்பு தொட்ட டெஸ்டினேஷன் இன்னும் தேர்விலேயே இருப்பதை மறந்து ஒரு சோர்ஸை அழுத்தினால், படம் போகக் கூடாத இடத்துக்குப் போய்விடும்.

இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடக் கூடாது. இதே வகைத் தடுமாற்றம் விமானி அறையிலும் நேரலாம். 1992 ஜனவரி 20 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் அருகே ஏர்பஸ் ஏ320 விமானம் மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். 3.3 டிகிரி சரிவில் இறங்க நினைத்த விமானிகள், கருவி வேறு முறையில் இருந்ததை அறியாமல் நிமிடத்துக்கு 3,300 அடி வேகத்தில் இறங்கும்படி அமைத்திருக்கலாம் என்பது விசாரணையில் ஆராயப்பட்ட முக்கியமான கருதுகோள். இரண்டுக்கும் ஒரே குமிழ், முறைக்கு ஒரு பொருள். தேர்ந்த கைகளும் இங்கே தடுமாறும்.

ரூட்டர் பேனலில் இந்தத் தடுமாற்றத்தைத் தடுக்கத்தான் ‘டேக்’ பொத்தான். சோர்ஸைத் தொட்டால் தேர்வாகும், அவ்வளவுதான். டேக் அழுத்தினால்தான் மாறும். கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த இரண்டாவது அழுத்தம் எரிச்சலாக இருக்கும். இருந்தாலும் ஒளிபரப்புக்குப் போகும் டெஸ்டினேஷனை டேக் இல்லாமல் விடுவது தவறு என்பேன்.

மாற்றம் எந்தக் கணத்தில் நிகழ வேண்டும் என்பதை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். நம் ஒளிபரப்பில் நொடிக்கு 25 படங்கள். ஒரு படத்துக்கு 40 மில்லிநொடி. எல்லா சோர்ஸும் ஒரே தாளத்துக்குக் கட்டப்பட்டிருந்தால், ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் ரூட்டர் மாற்றிவிடும். திரையில் ஒரு துடிப்புகூடத் தெரியாது. எந்த இடத்தில் மாற்றுவது என்பது மட்டும் மனிதர் பொறுப்பு.

இன்னொரு முறை ‘பிரேக்அவே’. படத்தை ஓரிடத்திலிருந்தும் ஒலியை வேறிடத்திலிருந்தும் எடுக்க உதவுவது. வேலை முடிந்ததும் அதை விலக்க மறந்தால், அடுத்த அழுத்தத்தில் படம் மட்டும் மாறும். திரையில் அமைச்சரின் பேட்டி ஓட, காதில் கிரிக்கெட் வர்ணனை தொடரும்.

தவறான மாற்றத்தைத் தடுக்கப் பூட்டுகளும் உண்டு. ‘லாக்’ போட்டால் அதை எடுக்கும்வரை அந்த டெஸ்டினேஷனை யாராலும் மாற்ற முடியாது. ‘புரொடெக்ட்’ போட்டால், போட்ட பேனல் மட்டுமே மாற்றலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர்கள் சற்று மாறும்.

விஸ்காம் படிப்பை முடித்துவிட்டு இந்த மேசைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பொறுப்பேற்றதும் ஒளிபரப்பு டெஸ்டினேஷனில் லாக் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் சோர்ஸைத் தொடுமுன், தேர்வில் இருக்கும் டெஸ்டினேஷனின் பெயரை வாய்விட்டுப் படியுங்கள்.