முதல் பிறந்தநாள் தட்டில் ஓட்ஸ் திராட்சை பிஸ்கட்

பிள்ளைக்கு ஒரு வயது நிறைவடையும்போது வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைப்பது நம் சபைக் குடும்பங்களின் வழக்கம். தாராவியிலோ, சயான் கோலிவாடாவிலோ, முலுண்டிலோ, ஓர் அறையும் சமையற்கட்டுமாக உள்ள வீட்டில் நாற்பது பேர் நெருக்கமாக அமர்ந்திருப்பார்கள். ஜெபம் முடிந்ததும் காகிதத் தட்டு வரும். ஒரு துண்டு கேக், ஒரு பிடி மிக்சர், ஒரு வாழைப்பழம். கேக்கின் மேலிருக்கும் க்ரீமைப் பலர் விரலால் ஒதுக்கிவிட்டு உண்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். அந்தத் துண்டு இருக்கும் இடத்தில், வீட்டிலே பிசைந்த ஓட்ஸ் திராட்சை பிஸ்கட் இரண்டை வைக்கலாம். செலவு குறையும் என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. கூட்டத்திற்கு வருகிற முதியவருக்கு எது ஆகும், எதிர்வீட்டு ஜைனக் குடும்பத்திற்கு எது ஆகாது என்று பார்த்துச் செய்வது சொந்தக் கையால் செய்யும் பண்டத்தில்தான் கூடும்.

இது நம் நாட்டுப் பலகாரமன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சமையற்பள்ளி நடத்திய ஃபேனி ஃபார்மர் 1896-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலேயே ஓட்ஸ் பிஸ்கட் இடம்பெற்றிருக்கிறது. ஓட்ஸ் விற்ற நிறுவனங்கள் பின்னர் தங்கள் பெட்டிகளின் மேலேயே செய்முறையை அச்சிட்டு, இதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தன. திராட்சை வற்றலோ நமக்கு அந்நியமானதன்று. அபிகாயில் தாவீதுக்குக் கொண்டுபோன உணவுப்பொருள்களில் அதுவும் இருந்தது. மும்பைச் சந்தையில் கிஸ்மிஸ் என்று விற்கப்படுவதில் பெரும்பங்கு மகாராஷ்டிராவின் சாங்லி, நாசிக் பக்கத்துத் திராட்சையே. பச்சை நிறம் மங்காதிருக்க, பழத்தைப் பொட்டாசியம் கார்பனேட்டும் எண்ணெயும் கலந்த நீரில் முக்கி நிழலில் உலர்த்துகிறார்கள். ஆகையால் பொட்டலத்தைப் பிரித்தவுடன் மாவில் கொட்டாமல், நன்றாகக் கழுவி, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, துணியில் ஒற்றி எடுத்துக்கொள்ளுங்கள். ஊறாத திராட்சை அடுப்பில் கரிந்து கசக்கும்.

100 கிராம் வெண்ணெய்ப் பொட்டலம் ஒன்றை அளவாக வைத்துக்கொள்வது எளிது. அதற்கு நாட்டுச் சர்க்கரை 100 கிராம், முட்டை ஒன்று, மைதா 90 கிராம், ஓட்ஸ் 120 கிராம், திராட்சை 70 கிராம். சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, பட்டைத்தூள் அரைத் தேக்கரண்டி. கடையில் கிடைக்கும் வெண்ணெய் பெரும்பாலும் உப்பிட்டதே, எனவே தனியாக உப்பு வேண்டாம். ஓட்ஸ் வாங்கும்போது மசாலா சேர்த்த பொட்டலத்தை எடுத்துவிடாதீர்கள். அவசரத்தில் நடக்கக்கூடியதே.

வெண்ணெயை உருக்கக்கூடாது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு இளகியிருந்தால் போதும். உருக்கினால் பிஸ்கட் தட்டில் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெண்ணெயையும் சர்க்கரையையும் நிறம் வெளுக்கும்வரை குழைத்து, முட்டையை அடித்துச் சேர்த்து, சோடாவும் பட்டைத்தூளும் கலந்து சலித்த மைதாவைப் போட்டு, கடைசியில் ஓட்ஸையும் திராட்சையையும் கிளறுங்கள். பிறகு அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்திருங்கள். இந்த அரைமணியைத் தவிர்க்கவேண்டாம். ஓட்ஸ் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதும், வெண்ணெய் மீண்டும் இறுகுவதும் அப்போதுதான். எலுமிச்சை அளவுக்குச் சற்றுச் சிறிய உருண்டைகளாக உருட்டினால் 24 வரும். மின்னடுப்பு உள்ளவர்கள் முன்னதாகச் சூடாக்கி, 175 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம் சுடலாம். ஓரம் பொன்னிறமாகி, நடு இன்னும் மிருதுவாக இருக்கும்போதே எடுத்துவிடவேண்டும். ஆறும்போது தானே கெட்டிப்படும்.

மின்னடுப்பு இல்லாத வீடுகளே நம்மில் அதிகம். குக்கரைத் தண்ணீரின்றி நெடுநேரம் காயவிடுவது அதற்கு நல்லதன்று. கனமான பழைய வாணலி இருந்தால், அதில் இரண்டு விரற்கடை உயரத்திற்கு உப்பைப் பரப்பி, நடுவில் ஒரு வளையத்தை வைத்து, இறுக்கமான மூடியிட்டு, பத்து நிமிடம் காயவைத்து, தீயைத் தணித்துச் சுடலாம். ஒரு ஈட்டுக்கு ஆறு பிஸ்கட், பதினைந்து முதல் இருபது நிமிடம். அடிப்பக்கம் முந்திச் சிவக்கும், மேற்பக்கம் வெளிறியே இருக்கும். சுவையில் குறைவில்லை.

ஆனால் நாற்பது பேருக்கு இரண்டிரண்டு என்றால் எண்பது. அண்டை வீடுகளையும் சேர்த்து நூறு என்று வையுங்கள். வாணலியில் அது ஐந்து மணி நேர வேலை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டிருக்கும் தாய் அதைச் செய்யவேண்டியதில்லை. மும்பையின் பழைய பேட்டைகளில், மாவு, நெய், சர்க்கரையைக் கொண்டுபோய்ப் பேக்கரியில் கொடுத்து, கூலி கொடுத்து நான்கட்டாய் சுட்டு வாங்கும் வழக்கம் உண்டு. பாவ் எடுத்தபின் சூடு சற்றுத் தணிந்த அடுப்பு பிஸ்கட்டுக்குப் பொருத்தமானது. வீட்டிலே உருட்டிக் கொண்டுபோனால் சுட்டுத் தருவார்களா என்று இரண்டு நாள் முன்னதாகக் கேட்டுவிடுங்கள். 2025 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம், விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்திற்குள் தூய எரிபொருளுக்கு மாறவேண்டுமென்று உத்தரவிட்டது. எனவே உங்களுக்குப் பழக்கமான இடத்திலும் அடுப்பு மாறியிருக்கலாம். முதலில் நாலைந்தைச் சுட்டுப் பார்க்கச் சொல்லுவது நல்லது.

இனி, ஓட்ஸ் சேர்ந்ததாலேயே இது சர்க்கரை நோயாளிக்கு ஏற்றது என்ற எண்ணத்தைப் பற்றி. கூட்டங்களில் முதியவர்கள் கையில், "ஓட்ஸ்தானே, ஒன்றும் செய்யாது, சாப்பிடுங்கள் ஐயா" என்று திணிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து, நாளுக்கு 3 கிராம் அளவில் உட்கொண்டால் கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் என்பது மெய். மேற்சொன்ன அளவில் சுட்ட பிஸ்கட் ஒன்றில் இருக்கும் ஓட்ஸ் 5 கிராம், அதிலுள்ள பீட்டா குளுக்கான் ஏறத்தாழ 0.2 கிராம். மூன்று கிராமை எட்டப் பதினைந்து பிஸ்கட் தின்னவேண்டும். திராட்சையிலுள்ள இனிப்பையும் சேர்த்து ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 6 கிராம் சர்க்கரை இருப்பதால், கூடவே 90 கிராம் சர்க்கரையும் உள்ளே போகும். நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரையே. முதியவருக்கு ஒன்று போதும், வேண்டாமென்றால் வற்புறுத்தாதீர்கள். அவர் தட்டில் வறுத்த நிலக்கடலை ஒரு பிடி வையுங்கள்.

பிறந்தநாள் காணும் குழந்தைக்கோ பிஸ்கட்டே வேண்டாம். இரண்டு வயதுவரை சர்க்கரை சேர்த்த பண்டம் தவிர்க்கப்படவேண்டும் என்பதே மருத்துவ அறிவுரை. முழுத் திராட்சை வற்றல் சிறு பிள்ளைகளின் தொண்டையில் சிக்கக்கூடியது. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வருவார்களானால் திராட்சையைப் பொடியாக நறுக்கியே சேருங்கள். விழா நாயகருக்கு, தட்டிலுள்ள வாழைப்பழத்தை மசித்துக் கொடுத்தால் மகிழ்ச்சியாகவே உண்பார்.

முட்டை உண்ணாத அயலாருக்கென ஒரு பங்கைத் தனிப் பாத்திரத்தில் பிசையுங்கள். ஒரு முட்டைக்குப் பதில் மூன்று மேசைக்கரண்டி கெட்டித் தயிர். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து மாவை நன்றாகவே உப்பவைக்கும். ஜைனர் பலர் சூரியன் மறைந்தபின் உண்பதில்லை. கூட்டம் மாலையில் என்றால், அவர்கள் பங்கை அன்று பகலிலேயே கொடுத்துவிடுங்கள், முட்டையில்லை என்பதையும் வாயால் சொல்லிக் கொடுங்கள்.

கூட்டத்திற்கு முந்தின நாள் சுட்டால் போதுமானது. முழுவதும் ஆறுமுன் டப்பாவில் அடைத்தால் வியர்த்து நமுத்துப்போகும். மும்பையின் காற்றில் தட்டில் திறந்து வைத்தாலும் அதே கதி. முட்டை சேர்த்தது, சேர்க்காதது என்று இரண்டு டப்பாக்களிலும் சீட்டு ஒட்டிவையுங்கள். பரிமாறுகிற வாலிபப் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்காது.